ஜானவாசக் கார் – 14: மாப்பிள்ளை அம்மா சொன்ன குறை

தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது. அடைக்கு ரொம்ப நல்லது. பனிக்காலத்தில் குழந்தைகளின் கன்னத்துக்குக்கூட நல்லது. காரின் பிரேக்குக்கு மட்டும் ஆகவே ஆகாது என்று சூடாமணிக்கு இத்தனை வயதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னபோது மூன்று மணிக் காபி வந்துவிட்டது. சாயங்காலம் அவள் பிள்ளை சாய்நாத்துக்கு ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம்.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஒதுக்கிய அறையில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண் வீட்டார் நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்து, "மாமி, ஏதாவது வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளையைப் பெற்றவளுக்கு வாழ்நாளில் ஒன்றரை நாள் கிடைக்கிற ராஜபோகம் அது. ஒரு தலையணையைக் கொண்டுவரச் சொன்னால் மூன்று வரும்.

அந்த ராஜபோகத்தை அவளால் அனுபவிக்க முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் அவளுடைய வீட்டுக்காரர் அம்பிதான். முதல் அத்தியாயத்திலிருந்து கூட வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேலே கூரையில்லாத பழைய பிளிமத் கார் ஒன்றை வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் பாதி மாப்பிள்ளைகளை ஊர்வலம் அழைத்து வந்தவர் அவர். பெண் வீட்டில் சம்பந்தி குருபிரசாத் முறைப்படி தி.நகரில் ஒரு திறந்த ஜீப்பை ஏற்பாடு செய்திருந்தார். அம்பி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஊரார் பிள்ளைகளையெல்லாம் அழைச்சிண்டு வந்திருக்கேன். என் பிள்ளை இன்னொருத்தன் வண்டியில வருவானா?"

நியாயம்தான். ஆனால் அப்போது பிளிமத் ஓடுகிற நிலைமையில் இல்லை. பிரேக்குக்கு உள்ளே போடுகிற சின்னச் சின்ன ரப்பர்கள் தேய்ந்து போயிருந்தன. அந்த வண்டியைச் செய்த கம்பெனியே இப்போது இல்லாதபோது ரப்பருக்கு எங்கே போவது? புதுப்பேட்டையில் சந்து சந்தாக அலைந்தார். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினார். கடைசியில் கல்கத்தாவில் யாரோ ஒருவர் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்ததைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார். அது வந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாய்நாத் பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை என்று சூடாமணி இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

முந்தாநாள்தான் ஈக்காட்டுத்தாங்கலில் ஹனீஃபாவின் ஒர்க்‌ஷாப்பில் ரப்பரைப் போட்டு வண்டியை எடுத்து வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது அவள் போன் அடித்தது.

"மாமி, நான் ருக்சார். ஒர்க்‌ஷாப்லேந்து. சார் போனை எடுக்கவே மாட்டேங்கறாரு, வண்டி இப்போ எங்க கீது?"

ருக்சார் ஹனீஃபாவின் மகள். அப்பாவுக்குச் சரிக்குச் சரியாக ஒர்க்‌ஷாப்பை நடத்துகிறவள். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிற பெண், இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"வண்டிக்குப் பூக் கட்டறதுக்குக் கோயில் வாசலுக்கு எடுத்துண்டு போயிருக்கார். ஏம்மா?"

"எடுக்க வேணாம்னு சொல்லுங்க மாமி. நீங்க கொடுத்த டப்பால ஒரு ரப்பர் மீந்துச்சு இல்ல, அத்த பிரேக் ஆயில்லயே போட்டு வெச்சிருந்தோம். இன்னிக்குப் பாத்தா பணியாரமாட்டம் உப்பிக்கினு கீது. அமுக்கினா நசுங்குது. மோந்து பாத்தேன், தேங்கா எண்ண வாசன அடிக்குது. ஊட்ல யாராச்சும் எண்ண தடவுனாங்களா?"

சூடாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தடவியிருந்தாள். அம்பி அந்த டப்பாவைக் கொண்டுவந்து, "பத்திரமா வெச்சுக்கோ, ஒர்க்‌ஷாப்புல இருந்தா எங்கேயாவது போயிடும்" என்று கொடுத்தார். சமையலறை அலமாரியில் குக்கருக்கு உபரியாக வைத்திருந்த கேஸ்கட்டின் பக்கத்தில் வைத்தாள். குக்கர் கேஸ்கட் காய்ந்து விரிசல் விடாமல் இருக்க வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சொட்டு எண்ணெய் தடவுகிறவள் அவள். அந்த வீட்டில் ஒரு கேஸ்கட் மூன்று வருஷம் உழைக்கும். ரப்பர் என்றால் ரப்பர்தானே? கல்கத்தாவிலிருந்து வந்தது காய்ந்து போய்விடக் கூடாதே என்று அதற்கும் வாராவாரம் அன்பாகத் தடவினாள். கொடுப்பதற்கு முன்னால் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு அலம்பிப் பளபளவென்று துடைத்தும் கொடுத்தாள்.

"எண்ணெய் பட்டா என்ன ஆகும்மா?"

"ரப்பர் ஊறிப் பூடும் மாமி. உள்ள மடங்கிக்கும். ஒரு வாட்டி மிதிச்சா புடிக்கும், இன்னொரு வாட்டி மிதிச்சா பெடல் தரைக்குப் பூடும், வண்டி நிக்காது. போடும்போது கொஞ்சம் டைட்டாத்தான் இருந்துச்சு. புது ரப்பர், அப்பிடித்தான் இருக்கும்னு உட்டுட்டோம். நாங்களும் பாத்திருக்கணும். அப்பா ஆம்பூர்ல நிக்காவுக்குப் போயிருக்காரு. அவரு இருந்தாலும் வேற ரப்பருக்கு எங்க போறது?"

"நடக்கற வேகத்துலதான்மா போகப் போறது."

"நடக்கற வேகந்தான் மாமி. முன்னாடி ஆளுங்க நடப்பாங்க இல்ல?"

சூடாமணி போனை வைத்தாள். ஜானவாசக் காருக்கு முன்னால் யார் யார் நடப்பார்கள் என்று அவளுக்கா தெரியாது? பம்பருக்குக் கையெட்டும் தூரத்தில் நாயனக்காரரும் தவில்காரரும் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். காருக்குள் மாப்பிள்ளை இருப்பான். மாப்பிள்ளை தவிர ஊர்க் குழந்தைகள் அத்தனையும் இருக்கும். சீட்டில், மடியில், கதவின் மேல், பின்பக்கம் என்று இடுக்கு விடாமல் ஏறிக்கொள்ளும். ஏறாதே என்று யாரும் சொல்வதில்லை. குழந்தைகள் ஏறினால்தான் ஜானவாசம்.

அம்பிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் குருபிரசாத்தே நின்றிருந்தார்.

"மாமி! எங்கே கிளம்பிட்டேள்? என்ன வேணும்னு சொல்லுங்கோ, ஆளை அனுப்பறேன்."

"ஒண்ணுமில்லை. கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"நடந்தா? மாப்பிள்ளைக்கு அம்மா தெருவுல தனியா நடக்கறதாவது! அப்புறம் எங்காத்து மனுஷாளை யாராவது மதிப்பாளா?"

கார் கொண்டுவர ஆள் ஓடினான். கார் வந்தது. துணைக்கு இரண்டு மாமிகள் ஏறினார்கள். நடந்தால் பத்து நிமிஷத்தில் போய்விடுகிற இடத்துக்கு, மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து ஒடுக்கியிருந்த தெருவில் கார் ஊர்ந்து ஊர்ந்து போனது. மாமிகள் புடவை பற்றிப் பேசினார்கள். சூடாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதிரே வந்த மாநகரப் பேருந்து உரசுகிற மாதிரி போனபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளையார் கோயில் வாசலில் பிளிமத் நின்றிருந்தது. வெள்ளையும் நீலமுமாக, உடம்பெல்லாம் செவ்வந்தியும் ரோஜாவுமாக, அதுவே ஒரு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அம்பி பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு பாதிச் செங்கல் இருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து போய் மாசக்கணக்காக மாற்றுக் கிடைக்காததை அந்தச் செங்கல்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

மாமிகளைச் சாமி பார்க்க அனுப்பிவிட்டு அவள் அவர் பக்கத்தில் போனாள்.

"ஏன்னா, ஒரு நிமிஷம்."

"போனை வண்டிக்குள்ள வெச்சுட்டேன். கூப்பிட்டியா? இங்கே பாரு, குரோமியம் எப்படி மின்னறதுன்னு."

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்த ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வெச்சிருந்தேன். காயாம இருக்கட்டும்னு நெனச்சேன். அது ஊறிப் போயிருக்காம். ருக்சார் போன் பண்ணினா. பிரேக் பிடிக்காதாம். வண்டியை எடுக்காதேங்கோ."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துணியை உதறி மடித்தார்.

"எண்ணெயா? ஓஹோ. ரப்பரே பழசு, அதான் இப்படின்னு நான் நெனச்சிண்டிருந்தேன்."

"எப்படி?"

"பெடல் கார்த்தாலேயே இறங்கிடுத்துடி. லஸ் கிட்ட ஒரு ஆட்டோக்காரனை இடிச்சிருப்பேன். ரெண்டு தரம் வேகமா மிதிச்சேன், பிடிச்சுண்டுது."

சூடாமணிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை.

"தெரியுமா உங்களுக்கு?"

"சத்தம் போடாதே. முதல் கியர்லயேதான் போகப் போறேன். ஆக்சிலரேட்டர்லேந்து காலை எடுத்தா தானா நிக்கும். எத்தனை ஜானவாசம் ஓட்டியிருக்கேன்?"

"குழந்தைகள் ஏறுவாளே! முன்னால நாயனக்காரா போவாளே!"

"ஒண்ணும் ஆகாது."

"இந்தத் தெருவுல பஸ் வரதுன்னா. ஒரு குழந்தை குதிச்சு முன்னால ஓடினா என்ன பண்ணுவேள்?"

அம்பி மடித்த துணியைப் பிரித்து விளக்கை மறுபடி துடைத்தார். பிறகு, காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்.

"நான்தான் வேற வண்டி வேண்டாம்னு சொன்னேன். இப்போ எந்த மூஞ்சியை வெச்சுண்டு அவர்கிட்ட போய் நிப்பேன்? இன்னிக்கு ஒரு நாள் ஓடிடும் சூடா. என் பிள்ளையை நான் அழைச்சிண்டு போகணும். அவ்வளவுதான்."

அவரோடு முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். பிடிவாதம் தெரியும். ஆனால் இது பிடிவாதம் இல்லை. தெரிந்தே குழந்தைகளை ஏற்றப் போகிறார். சூடாமணிக்கு முதல்முறையாக அவரிடம் பயமாக இருந்தது. அவர்மேல் பாவமாகவும் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு அழுகை முட்டியது.

அதற்குள் நாயனச் சத்தம் நெருங்கிவிட்டது. பெண் வீட்டார் தட்டும் மாலையுமாக வந்து இறங்கினார்கள். சாய்நாத் புதுக் கோட்டு சூட்டில் வியர்த்து வழிந்தான். அவன் காரில் உட்காருவதற்குள் குழந்தைகள் உட்கார்ந்துவிட்டன. பட்டுப் பாவாடைகளும் குட்டி வேஷ்டிகளுமாகக் கதவைத் திறக்காமலேயே உள்ளே விழுந்தன. ஒருவன் பின்பக்க டிக்கியின் மேல் ராஜா மாதிரி சம்மணம் போட்டுக்கொண்டான்.

"இறங்குங்கோடா! எல்லாரும் இறங்குங்கோ!" என்றாள் சூடாமணி.

ஒன்றுகூட இறங்கவில்லை. பெரியவர்கள் சிரித்தார்கள்.

"இருக்கட்டும் மாமி, குழந்தைகள்தானே" என்றார் குருபிரசாத்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? ஒரே ஒரு வாக்கியம் போதும், பிரேக் இல்லை என்று. அடுத்த கேள்வி, அம்பி மாமாவுக்குத் தெரியாதா என்பதாக இருக்கும். குருபிரசாத்தின் பேரன் பேத்திகளும் அந்தக் காரில்தான் இருக்கிறார்கள். தெரிந்துதான் ஏற்றினார் என்று ஒருதரம் வெளியே வந்துவிட்டால் இந்த ஜன்மத்தில் அம்பி சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

அம்பி செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் கனைத்துக்கொண்டு எழுந்தது. நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்தார்.

சூடாமணியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"நிறுத்துங்கோ! என் பிள்ளை இந்த ஓட்டை வண்டியில வரமாட்டான்!"

நாயனம் தொடங்காமலே நின்றது.

"என்ன மாமி?" குருபிரசாத்தின் முகம் வெளுத்தது.

"ஜானவாசத்துக்குக் கார் ஏற்பாடு பண்ண வேண்டியது பெண் ஆத்துக்காரா. எங்காத்து வண்டியை எடுத்துண்டு வரச் சொல்லி, நீங்க கையைக் கட்டிண்டு நின்னா எப்படி? ஒரே பிள்ளை எனக்கு. பழைய இரும்புக் கடையில போட வேண்டிய வண்டியிலயா அவன் ஊர்வலம் வரணும்? நீங்க முதல்ல சொன்னேளே ஜீப்பு, அது வரட்டும். வந்தாத்தான் என் பிள்ளை இந்த இடத்தை விட்டு நகருவான்."

"மாமி, மாமாதானே வேண்டாம்னு…"

"மாமா ஆயிரம் சொல்லுவார். நான் சொல்றேன்."

சாய்நாத் அவள் தோளைத் தொட்டான். "அம்மா, உனக்கு என்ன ஆச்சு? அப்பா எவ்வளவு ஆசையா…"

"நீ சும்மா இரு!"

துணைக்கு வந்த மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'இவளும் எல்லா மாமியார் மாதிரிதான்' என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு அம்மா கோபித்துக்கொண்டால் ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

குருபிரசாத் அங்கேயே நின்று போன் போட்டார். நல்ல வேளையாகத் தி.நகர் ஜீப் சும்மாதான் நின்றிருந்தது. "உடனே வரது மாமி, தயவுபண்ணி கோவிச்சுக்காதேங்கோ" என்று கைகூப்பினார். அவரைவிட வயதில் சின்னவளான சூடாமணிக்கு அந்தக் கூப்பிய கைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அம்பி இன்ஜினை அணைத்தார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே இறங்கி, உருண்டு கிடந்த செங்கல்லை எடுத்து மறுபடி சக்கரத்தின் கீழே வைத்தார். எல்லார் கண் முன்னாலும் அவள் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டாள். ஏன் என்று அவருக்கு மட்டும் தெரியும். தெரிந்ததனால் வலி குறைந்துவிடுமா என்ன?

ஜீப் வந்ததும் கூட்டத்துக்கு உயிர் வந்தது. குழந்தைகள் பிளிமத்தை அப்படியே கைவிட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடின. நாயனம் எழுந்தது. ஊர்வலம் நகர்ந்தது. சூடாமணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்பி பூக்கள் நடுவே தனியாக நின்றுகொண்டிருந்தார்.

மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். வர்ஷினி, நாளைக்கு அவளுக்கு மருமகளாகப் போகிறவள், மாடிப்படி அருகே அலங்காரத்தோடு நின்றிருந்தாள். சேதி சூடாமணிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. எப்போதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிற பெண், "வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். சூடாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே இருந்து கூப்பிட்டார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு எல்லாம் தயார். வாத்தியார் மணையைப் போட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பிள்ளைக்குத் தோப்பனார் எங்கே? வந்து உட்காரச் சொல்லுங்கோ."

அம்பி இல்லை. கோயில் வாசலுக்குப் போன ஆள் திரும்பி வந்து, "அங்க மாமாவும் இல்ல, காரும் இல்ல" என்றான்.

கூடம் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. மாமி சண்டை போட்டாள், மாமா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். அந்தச் சலசலப்பு நடுவே வர்ஷினியின் அக்கா வைஜயந்தி தன் பெண்ணைத் தேடி அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்க மைத்ரியைப் பார்த்தேளா? ஜீப்புல உங்களோடதானே வந்தா?"

"எங்களோட இல்லையே. உன்னோட நடந்து வராள்னு நெனச்சோம்."

சூடாமணி கேட்டுக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தாள். இந்த முறை அம்பி எடுத்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"எங்கேன்னா போனேள்? எல்லாரும் காத்துண்டிருக்கா!"

"கோவமெல்லாம் இல்லை சூடா. நீ பண்ணினதுதான் சரி." குரல் விட்டு விட்டு வந்தது. "எல்லாரும் பாக்கற மாதிரி அதை அங்கே நிறுத்தி வைக்க மனசு வரலை. ஹனீஃபா ஷெட்டுல விட்டுட்டு ஆட்டோவுல வந்துடலாம்னு கிளம்பினேன். ஈக்காட்டுத்தாங்கல் பாலத்து மேல இருக்கேன். இப்பத்தான் கண்ணாடியில பாத்தேன். பின் சீட்டுல பூவுக்கு நடுவுல ஒரு குழந்தை தூங்கறது."

"எந்தக் குழந்தை?" என்றாள் அவள்.

"மஞ்சள் பாவாடை. யாராத்துக் குழந்தைன்னே தெரியலை."

எதிரே வைஜயந்தி நின்றுகொண்டு, "மஞ்சள் பட்டுப் பாவாடை மாமி, பாத்தேளா?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓரமா நிறுத்துங்கோ!" சூடாமணி கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. "இப்பவே நிறுத்துங்கோன்னா!"

"நிறுத்தத்தான் பாக்கறேன் சூடா" என்றார் அம்பி. "பெடல் பிடிக்கலை. வண்டி பாலத்துச் சரிவுல இறங்கறது."